மல்லியை எப்போது விதைப்பது, எவ்வளவு நெருக்கி விதைப்பது?

மாடித் தொட்டியில் கொத்தமல்லி போடுகிறவர்களுக்கு ஒரே புகார்தான்: இரண்டு தடவை தழை கிள்ளுவதற்குள் பூத்துவிடுகிறது. சித்திரை வெயிலில் விதைத்தால் கேட்கவே வேண்டாம். செடி ஒரு சாண் வளர்வதற்குள் தண்டு நீண்டு, அகல இலைகள் நின்றுபோய், நூல் நூலாக மெல்லிய இலைகள் வந்து, உச்சியில் வெள்ளைப் பூ விரிந்துவிடும். தழைக்காக வளர்ப்பவருக்கு அது நஷ்டம். விதைக்காக வளர்ப்பவருக்கு லாபம்தானே, சீக்கிரம் பூத்தால் சீக்கிரம் மல்லி கிடைக்குமே என்று தோன்றும். அவருக்கும் நஷ்டம்தான். அந்தச் சோனிச் செடியில் பத்து இருபது மல்லிக்கு மேல் தேறாது.

ஏன் என்று பார்த்தாலே விதைப் பயிரின் கணக்கு பாதி புரிந்துவிடும். மல்லி, வெந்தயம், சீரகம், சோம்பு, ஓமம், சதகுப்பை என்று நாம் அஞ்சறைப் பெட்டியில் வைத்திருப்பவற்றில் பல, செடியின் கடைசிக் கட்டத்தில் கிடைப்பவை. அந்தக் கட்டத்தில் எவ்வளவு கிடைக்கும் என்பதை உரமும் தண்ணீரும் மட்டும் முடிவு செய்வதில்லை. எந்தத் தேதியில் விதைத்தோம், செடிக்குச் செடி எவ்வளவு இடம் விட்டோம் என்ற இரண்டும் சேர்ந்து பெரும்பகுதியைத் தீர்மானித்துவிடுகின்றன. பைசா செலவில்லாத இரண்டு முடிவுகள். ஆனால் இவற்றைத் தனித்தனியாகப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். தேதி மாறினால் இடைவெளியும் மாற வேண்டும். மல்லியை வைத்தே இதைப் பார்த்துவிடலாம். விளாத்திகுளம், புதூர், கமுதி பக்கத்துக் கரிசலில் காலங்காலமாக மானாவாரியில், மழையை மட்டும் நம்பி விளைவது அதுதான்.

உடம்பு வளரும் காலம், விதை வளரும் காலம்

மல்லிச் செடியின் மூன்று மாத வாழ்க்கையை இரண்டாகப் பிரிக்கலாம். முதல் பாதியில் வேர், இலை, கிளை எல்லாம் வளர்கின்றன. பிறகு பூ வருகிறது. பூ வந்த பிறகு செடி தன் உடம்பைப் பெரிதாக்குவதில் அக்கறை காட்டாது. அதுவரை சேர்த்துவைத்த இலையையும் கிளையையும் வைத்தே காயை நிரப்பும். அதனால் பூக்கும் நாளில் செடி எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ, ஏறக்குறைய அதுதான் மகசூலின் உச்ச வரம்பு.

அந்த நாள் எப்போது வரும் என்பது வெப்பத்தையும் பகல் நீளத்தையும் பொறுத்தது. குளிர்ச்சியில் மல்லி நிதானமாக வளரும். வெயில் ஏறினாலோ, பகல் நீண்டாலோ, வேரில் ஈரம் குறைந்தாலோ அவசரப்பட்டுப் பூக்கும். நம் ஊரில் பகல் நீளம் வருடம் முழுக்கப் பெரிதாக மாறுவதில்லை. இங்கே வெப்பமும் ஈரமும்தான் பெரிய ஆட்கள். வெப்பம் இன்னொரு வேலையும் செய்கிறது. பூத்த பிறகு காய் நிரம்ப எடுக்கும் நாட்களையும் குறைத்துவிடுகிறது. சிறிய செடி, அதில் காய் நிரம்பக் குறைந்த நாட்கள் என்று இரண்டு பக்கமும் அடி விழுவதால்தான் சித்திரை மல்லி சோனியாகிறது.

ஆக, விதைக்கும் தேதியைத் தேர்ந்தெடுக்கும்போது முளைப்பை மட்டும் யோசித்தால் போதாது. காலண்டரில் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்: வளரும்போது ஈரமும் குளிர்ச்சியும் இருக்கிறதா, பூக்கும்போது வானம் தெளிந்திருக்கிறதா, முற்றும்போது காய்ந்த காற்று இருக்கிறதா.

கரிசலில் ஒரு தேதிக் கணக்கு

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கி டிசம்பர் வரை போகும். கரிசல் மண் அந்த மழையை வாங்கி வைத்துக்கொண்டு, மழை நின்ற பிறகும் வாரக்கணக்கில் வேருக்குக் கொடுக்கும். மானாவாரி மல்லி இந்தச் சேமிப்பை நம்பித்தான் நிற்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் ஜூன்–ஜூலையோடு அக்டோபர்–நவம்பரை மல்லிப் பட்டமாக, அதாவது விதைக்கும் பருவமாகச் சொல்கிறது. மானாவாரிக்காரர்களுக்கு இரண்டாவதுதான் பட்டம்.

ஐப்பசித் தொடக்கத்தில், அக்டோபர் 20 வாக்கில் விதைத்ததாக வைத்துக்கொள்வோம். மல்லி முளைக்க எட்டு முதல் பதினைந்து நாள் எடுக்கும். நவம்பர் மழையில் செடி உடம்பு பிடிக்கும். டிசம்பர் முதல் பாதியில் பூ வரும். அப்போது மழை குறைந்துகொண்டே போகிறது, தேனீ பறக்க வாய்ப்பு கிடைக்கிறது. மல்லிப் பூவில் மகரந்தம் முதலில் உதிரும், அதை வாங்கும் சூல்முடி பிறகுதான் தயாராகும். அதனால் அந்தந்தப் பூ தானாகவே காய் பிடிப்பது குறைவு. பூச்சிகள் வந்து போக வேண்டும். பூக்கும் வாரத்தில் அடைமழை என்றால் குடை போன்ற பூங்கொத்து விரிந்திருக்கும், காய் இருக்காது. ஜனவரி கடைசியில், தை மாதம், காய்ந்த காற்றில் அறுவடை.

இதையே ஒரு மாதம் முன்தள்ளி, செப்டம்பர் 20-ல் கிடைத்த ஒரு மழையை நம்பி விதைத்தால்? ஒன்று, இடையில் மழை விட்டுப்போய் முளைத்தது காயும். இல்லையென்றால் நவம்பர் மழை சரியாகப் பூ நேரத்தில் வந்து உட்காரும். மல்லி மெதுவாக முளைக்கும் பயிர் என்பதால் களையும் முந்திக்கொள்ளும். தண்ணீர் தேங்கினால் கரிசலில் இளஞ்செடி மஞ்சளாகிப் போகும்.

ஒரு மாதம் பின்தள்ளி, நவம்பர் கடைசியில் விதைத்தால் வேறு கதை. முளைப்பு நன்றாகவே இருக்கும், பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் செடி பூக்கும் ஜனவரியில் மேல்மண் ஈரம் போய்விட்டிருக்கும். இரவுப் பனியும் பகல் வெயிலும் மாறி மாறி அடிக்கும் அந்த நாட்களில் இலையில் மாவு தூவியது போலச் சாம்பல் நோய் வரும், பூங்கொத்தில் அசுவினிப் பூச்சி ஏறும். இவை முன்விதைப்பையும் தாக்காமல் இல்லை. ஆனால் முன்னால் விதைத்த செடியில் காய் கெட்டிப்பட்டிருக்கும், பின்னால் விதைத்ததில் பூவும் பிஞ்சுமாக இருக்கும். ஒரே நோய், ஒரே வாரம், இழப்பு மட்டும் வேறு. மாசியில் அறுத்தால் கிடைப்பது பொடி மல்லி.

மழை தள்ளிப்போனால் என்ன செய்வது? அங்கேதான் ரகம் உதவுகிறது. கோ 2, கோ 3 போன்றவை ஏறக்குறைய மூன்று மாத வயது. கோ (சிஆர்) 4 ரகம் 65–70 நாளில் வந்துவிடும். தாமதத்தைக் குறைந்த வயது ரகத்தால் ஓரளவு ஈடுகட்டலாம். முழுதாக முடியாது, குறைந்த நாட்களில் செடி சேர்க்கும் உடம்பும் குறைவுதான்.

இதோடு ராஜஸ்தானை ஒப்பிட்டுப் பார்த்தால் குளிர் என்ன செய்யும் என்று தெரியும். கோட்டா பக்கத்தில், ராம்கஞ்ச் மண்டி என்ற பெரிய மல்லிச் சந்தை இருக்கும் பகுதியில், அக்டோபர் பாதிக்கும் நவம்பர் பாதிக்கும் இடையில் விதைத்து பிப்ரவரி, மார்ச்சில் அறுக்கிறார்கள். அங்கே குளிர்காலம் செடியை நிதானப்படுத்துவதால் பயிர் நான்கு மாதத்துக்கு மேல் நிற்கிறது, செடியும் பருமனாகிறது. அவர்களுக்கு வேறு பயம்: பூக்கும் நேரத்தில் உறைபனி விழுந்தால் ஓர் இரவில் பூ கருகிவிடும். பிப்ரவரி கடைசியில் வெயில் திடீரென்று ஏறினால் காய் நிரம்பாது. பட்டம் என்பது ஊருக்கு ஊர் வேறு. அங்கிருந்து தேதியை மட்டும் எடுத்து இங்கே ஒட்ட முடியாது.

இடைவெளி: ஒரு செடியா, ஓர் ஏக்கரா?

"கலக்க விதைத்தால் களஞ்சியம் நிறையும், அடர விதைத்தால் போர் உயரும்" என்று ஒரு பழமொழி உண்டு. பரவலாக விதைத்தால் தானியம், நெருக்கி விதைத்தால் வைக்கோல். மல்லிக்கும் இது பொருந்தும், ஆனால் அப்படியே எடுத்துக்கொண்டால் ஏமாறுவோம்.

மல்லிச் செடியின் அமைப்பைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். நடுத் தண்டின் உச்சியில் முதல் பூங்குடை வரும். பிறகு பக்கக் கிளைகளின் நுனியில் இரண்டாவது வரிசைக் குடைகள். கிளையின் கிளையில் மூன்றாவது வரிசை. ஒரு குடையில் சுமாராக இருபது, முப்பது காய் பிடிக்கும். முதல் குடையும் இரண்டாம் வரிசையும் நல்ல காயாகக் கொடுக்கும். மூன்றாம் வரிசையில் பூவெல்லாம் காயாவதில்லை, ஆனவையும் சிறுத்திருக்கும். முதல் குடை பழுப்பாகி உதிரத் தயாராகும்போது கடைசிக் குடை பச்சையாக நின்றுகொண்டிருக்கும்.

செடிக்கு நிறைய இடம் கொடுத்தால் நிறையக் கிளைக்கும். ஒற்றைச் செடியாகப் பார்த்தால் பிரமாதமாக இருக்கும். வயலுக்கு வந்து போட்டோ எடுப்பவர்கள் எடுப்பது அந்தச் செடியைத்தான். ஆனால் அந்தக் கிளைகளில் பாதி, பிந்திய குடைகள். காய் ஒன்றாக முற்றாது. முதல் குடைக்காக அறுத்தால் பச்சைக் காய் கலக்கும், கடைசிக் குடைக்காகக் காத்திருந்தால் முதல் குடை மண்ணில் கொட்டும். செடிகளுக்கு நடுவே இருக்கும் வெற்றிடத்தில் களையும் வரும், வெயில் பட்டு ஈரமும் போகும்.

நெருக்கினால் நேர்மாறு. ஒவ்வொரு செடியும் ஒன்றிரண்டு கிளையோடு நிறுத்திக்கொள்ளும். குடைகள் குறைவு, ஆனால் பெரும்பாலும் முதல், இரண்டாம் வரிசைக் குடைகள். எல்லாம் சேர்ந்தாற்போல முற்றும். ஓரளவு நெருக்கம் விதைப் பயிருக்கு நல்லதுதான் என்பது இதனால். அந்த அளவைத் தாண்டினால் வெளிச்சத்துக்குப் போட்டி போட்டுக்கொண்டு தண்டு ஒல்லியாக உயரும், காற்றில் சாயும், உள்ளே காற்றோட்டமில்லாமல் சாம்பல் நோய் பரவும். மானாவாரி என்றால் இருக்கிற ஈரத்தை அத்தனை வேர்களும் பங்குபோட்டு, காய் நிரம்பும் நேரத்தில் யாருக்கும் இல்லாமல் போகும். அப்போதுதான் பழமொழியில் சொன்னபடி போர் உயரும்.

நடுவில் எங்கே நிற்பது? வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை 20×15 சென்டிமீட்டர். ஒரு செடிக்கு 300 சதுர சென்டிமீட்டர், அதாவது ஒரு சதுர மீட்டரில் 33 செடி. ஏக்கருக்கு ஏறக்குறைய 1,33,000. ராஜஸ்தானில் பரவலாகச் சொல்வது வரிசைக்கு வரிசை 30, செடிக்குச் செடி 10 சென்டிமீட்டர். பெருக்கிப் பாருங்கள், அதே 300 தான்! செடி எண்ணிக்கையில் மாற்றமில்லை, அடுக்கிய விதம்தான் வேறு. வரிசையை அகட்டினால் நடுவே களைக்கொத்தி ஓட்டலாம். குறுக்கினால் செடிகள் சமமாகப் பரவி மண்ணைச் சீக்கிரம் மூடும். கையால் களையெடுப்பவருக்கும் கருவி ஓட்டுபவருக்கும் ஒரே இடைவெளி தேவையில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

விதையளவு வேறு, செடி எண்ணிக்கை வேறு

புதிதாகத் தொடங்குகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இது. மல்லி உருண்டை ஒவ்வொன்றும் ஒரு காய். உள்ளே இரண்டு விதை. விதைப்பதற்கு முன் தரையில் போட்டுச் செருப்பாலோ கட்டையாலோ லேசாகத் தேய்த்து இரண்டாக உடைப்பது இதனால்தான். ஒரு கிராமுக்குச் சுமார் நூறு காய் என்று வைத்தால், ஒரு கிலோவில் ஒரு லட்சம் காய். உடைத்தால் இரண்டு லட்சம் அரைகள். தண்ணீர் பாய்ச்சும் இறவைக்கு ஏக்கருக்கு 4–5 கிலோ விதை பரிந்துரைக்கிறார்கள். அதுவே எட்டு லட்சம் அரைகள் ஆயிற்று. நமக்கு வேண்டிய செடியோ ஒன்றே கால் லட்சத்துக்குக் கொஞ்சம் மேல்.

மிச்சம் எங்கே போகிறது? முளைக்காதது கொஞ்சம், உடைக்கும்போது நசுங்கியது கொஞ்சம், எறும்பு தூக்கியது, ஆழத்தில் புதைந்தது. அதிகமாக முளைத்த மீதியைப் பிடுங்கிக் கலைத்துவிட வேண்டும். மானாவாரிக்கு 8–10 கிலோ வரை சொல்வது, அங்கே முளைப்பு இன்னும் நிச்சயமில்லாதது என்பதால். மானாவாரியில் செடி நெருக்கமாக நிற்கலாம் என்று அதற்கு அர்த்தமில்லை. மழை நன்றாகப் பெய்து எல்லாமே முளைத்துவிட்டால், கலைக்காத மானாவாரி மல்லிதான் முதலில் வாடும்.

விதைத்து முப்பது நாள் வாக்கில் களையெடுப்போடு சேர்த்துக் கலைக்கலாம். பிடுங்கிய செடி வீணாகாது. கட்டுக் கட்டித் தழையாக விற்றுவிடலாம், அந்தக் காசு களைக்கூலிக்கு ஆகும். கை வராமல் விட்டுவிடுகிறவர்கள் அதிகம். பசுமையாக நிற்கிற செடியைப் பிடுங்க யாருக்குத்தான் மனம் வரும்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்

சரி, இப்போது முதலில் சொன்னதற்கு வருவோம். பட்டத்தில் விதைத்த செடிக்கு உடம்பு வளர நாள் இருக்கிறது. அது கிளைத்துத் தன் இடத்தை நிரப்பிக்கொள்ளும். அதற்கு 20×15 சரி. மண் வளமாகவும் தண்ணீர் வசதியோடும் இருந்தால் இன்னும் கொஞ்சம் அகட்டினாலும் கெடாது. பிந்தி விதைத்த செடி சீக்கிரம் பூத்துவிடும், கிளைக்க நேரமில்லை. அதற்கும் அதே இடத்தைக் கொடுத்தால் பாதி நிலம் காலியாக நிற்கும். அங்கே 20×10 என்று நெருக்கினால், செடிக்குச் செடி மகசூல் குறைந்தாலும் எண்ணிக்கை ஓரளவு தாங்கும். பிந்தினால் நெருக்கு. ஒரே ஒரு விதிவிலக்கு: பிந்தியதற்குக் காரணமே ஈரம் குறைவு என்றால் நெருக்குவது தற்கொலை. நெருக்கத்தால் ஈடுகட்டலாம் என்பது தண்ணீர் இருக்கிறவர்களுக்கு மட்டும்.

இதே சிந்தனையை மற்ற விதைகளுக்கும் கொண்டுபோகலாம். வெந்தயக் கீரைக்கு நெருக்கித் தூவி மூன்று வாரத்தில் பிடுங்கிவிடுவோம். விதைக்கு என்றால் வரிசையில் இடம் விட்டே ஆக வேண்டும். சோம்பு ஆள் உயரம் போகும் செடி. குஜராத்தில் மழைக்காலத்தில் நாற்று விட்டு, மல்லியைப் போல மூன்று நான்கு மடங்கு அகலமான வரிசையில் நடுகிறார்கள். சீரகம் ரொம்பச் சிணுங்கி. நவம்பரில் குளிர் தொடங்கியதும் விதைக்க வேண்டும், பூக்கும்போது மேகம் மூடினால் கருகல் நோய் வயலைத் துடைத்துவிடும். வறண்டு தெளிந்த நீண்ட குளிர்காலம் தேவைப்படுவதால்தான் அது குஜராத், ராஜஸ்தானோடு நிற்கிறது. கார்த்திகை மழை பெய்யும் நம் ஊரில் காலூன்றவில்லை. மருந்துக்கு விதைத்தோல் எடுக்கும் இசப்கோல் இன்னும் ஒரு படி மேலே. அதன் விதைத்தோல் தண்ணீர் பட்டாலே கொழகொழவென்று உப்பும். முற்றிய கதிரில் ஒரு மழை பெய்தால் விதை வயலிலேயே கொட்டிப்போகும். அந்தப் பயிருக்கு விதைக்கும் தேதியைப் பின்னாலிருந்துதான் எண்ண வேண்டும், அறுவடை நாளிலிருந்து.

அடுத்த வருடம் விதைப்பதற்கென்று விதை எடுப்பவர்களுக்குத் தேதியால் இன்னொரு பயன் உண்டு. பக்கத்து வயலில் வேறு ரக மல்லி பூத்துக்கொண்டிருந்தால் தேனீ இரண்டையும் கலந்துவிடும். தூரத்தில் விதைக்க இடமில்லையென்றால், இரண்டும் ஒரே நேரத்தில் பூக்காதபடி விதைப்பைத் தள்ளிவைக்கலாம். மூன்று வாரமாவது தள்ளவில்லையென்றால் முதல் வயலின் கடைசிக் குடையும் இரண்டாவது வயலின் முதல் குடையும் சந்தித்துக்கொள்ளும்.

உங்கள் நிலத்தில் பார்க்க

பரிந்துரைகள் எல்லாம் சராசரி மண்ணுக்கும் சராசரி மழைக்கும் சொன்னவை. உங்கள் மண்ணுக்கு எது சரி என்று அரை சென்ட் இடத்தில் பார்த்துவிடலாம். மூன்று சிறு பாத்தி போடுங்கள். ஐப்பசி முதல் நாள், ஐப்பசிப் பாதி, கார்த்திகை முதல் நாள் என்று மூன்றிலும் ஒரே ரகத்தை விதையுங்கள். ஒவ்வொரு பாத்தியிலும் ஒரு பாதியை 20×15-க்கும் மறுபாதியை 20×10-க்கும் கலைத்துவிடுங்கள். முதல் பூ வந்த தேதியைக் குறித்துவையுங்கள். அறுவடைக்கு முன் பத்துச் செடியில் குடைகளை எண்ணிப் பாருங்கள். பிந்திய பாத்தியில் எண்ணிக்கை எவ்வளவு சரிகிறது என்று கண்ணால் பார்த்தால் இத்தனை நேரம் படித்தது மனதில் பதிந்துவிடும்.

முதல் குடைகள் பச்சை மாறிப் பழுப்புக்குத் திரும்பும்போது, வெயில் ஏறுவதற்கு முன் அறுங்கள். பகலில் அறுத்தால் உதிரும். ஒவ்வொரு பாதியிலும் ஓரச் செடிகளை விட்டுவிட்டு நடுவில் ஒரு சதுர மீட்டரை மட்டும் தனியாக எடுங்கள். அதில் 50 கிராம் மல்லி கிடைத்தால் ஏக்கருக்கு ஏறக்குறைய 200 கிலோ. மானாவாரியில் அது மோசமில்லை. 33 செடிக்குப் பங்கிட்டால் செடிக்கு ஒன்றரை கிராம், நூற்றைம்பது காய், ஐந்தாறு குடை. எடையை மட்டும் நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள். அறுத்த கையோடு போட்டால், பச்சைக் காய் அதிகமிருக்கும் கடைசிப் பாத்திதான் ஜெயித்த மாதிரி காட்டும்.